குழு ஆ, எண் இருபத்து மூன்று

குழு அ-வுக்குக் குதிரை.
குழு ஆ-வுக்கு நாற்காலி.
சீட்டெடுத்ததில் எனக்கு விழுந்தது நாற்காலி,
நீல பிளாஸ்டிக், ஒரு கால் கொஞ்சம் குட்டை.

"ஒப்பிட்டுப் பார்க்கணுமே சார்" என்றாள் மெர்லின் கமலினி,
மதுரையிலிருந்து வந்து நாயுடுபுரத்தில் அறையெடுத்து
குதிரை மனுஷனுக்கு என்ன செய்கிறது என்று
கணக்கெடுப்பவள்.
"குதிரை இல்லாம என்ன ஆகுதுங்கறதுக்கும்
ஆள் வேணும்."

வத்தலக்குண்டு வண்டியில் பதினெட்டு வருட நடத்துநர் நான்.
செவ்வாய் எனக்கு ஓய்வு.
நின்றே பிழைத்தவனுக்கு உட்காரும் வேலை.
சரி என்றேன்.

இருபது நிமிடம்.
விரலில் கிளிப், கொரோனாவில் மாட்டினார்களே, அதே.
முன்னே ஓர் எண், பின்னே ஓர் எண்.
நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
இரண்டு.
காரணம்?
ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

அந்த ஒரு கோட்டில்
கடைசி டிரிப்பையும் மழையையும்
பதினாறாம் சீட்டில் ஜன்னலோரம் தலைசாய்த்திருந்தவரையும்
எப்படி அடைக்க?
பெருமாள்மலைக்கு டிக்கெட் வாங்கியவர்.
பெருமாள்மலை வந்ததும் கூவினேன்.
அசதி போல, ஸ்டாண்டில் எழுப்பி
கீழே போகும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று
விசில் கொடுத்துவிட்டேன்.
ஸ்டாண்டில் எழுப்பினேன்.

"வேலை நேரம்" என்று எழுதினேன்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குதிரை.
ஏரியைச் சுற்றிச் சவாரி ஓடுவது. செவ்வாய் காலை மட்டும்
ஜபருல்லா கூலி வாங்காமல் ஓட்டி வருவார்.
"இருபது நிமிஷம் மேல யாரும் ஏறாம நிக்குதுல்ல,
அதுக்கு என்ன ஆகுதுன்னும் எழுதுங்கம்மா."
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

திலகராணி டீச்சர் அதனிடம் ஏதோ முணுமுணுப்பார்,
வீட்டுக் கடன், மருமகன், மறுபடி வீட்டுக் கடன்.
அது என் காதுக்கு உரியதில்லை.
நான் கேட்டது மூச்சை.
இழுத்து, கொஞ்சம் வைத்திருந்து, விடும்,
கொண்டை ஊசி வளைவில்
இரண்டாம் கியரில் ஏறும் வண்டி மாதிரி.
எண்ணுவது என் தொழில். எண்ணினேன்.
நிமிடத்துக்குப் பதினொன்று.

நான்காம் செவ்வாய் நாற்காலியை நகர்த்திக்கொண்டேன்
(குட்டைக் கால் ஆடியது, அதனால்தான்).
ஐந்தாம் செவ்வாய் பலகையில் கை வைத்தேன்.
அந்தப் பக்கம் எதுவோ சாய்ந்தது.
பலகை லேசாக வளைந்தது.
சாணம், புல், நனைந்த கம்பளி வாடை.
சூடு மெதுவாகத்தான் வந்தது.

எண்பத்தெட்டு. அறுபத்தொன்பது.
மெர்லின் கிளிப்பைக் கழற்றித்
தன் விரலில் மாட்டிப் பார்த்தாள்.
"என்ன செஞ்சீங்க சார்?"
செக்கிங் இன்ஸ்பெக்டர்களைச் சமாளித்த வாய்தான் இது.
இருந்தாலும் சொன்னேன், பலகையை, கையை.

சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. செல்லாது.
கோட்டின் முனையில் பேனாவை
எடுக்காமல் கொஞ்ச நேரம் ஊன்றியிருந்தாள்.
பிறகு ஓரத்தில் சின்ன எழுத்தில் எதையோ குறித்தாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாம் செவ்வாய் வர வேண்டாம் என்று போன்.

ஏரிக்குப் போனேன்.
கறுப்பா வெள்ளையா என்றுகூட அதுவரை தெரியாது எனக்கு.
பழுப்பு. முன்னங்காலில் பழைய தழும்பு,
கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, பெயர் டிஸ்கோ.
ஒரு குடும்பம் ஒரு ரவுண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது.
அது என் சட்டைப் பையை முகர்ந்தது,
சில்லறைதான் என்று தெரிந்ததும்
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்றிரவு நாலு மணி நேரம்.
யாரும் கேட்கவில்லை, நானே எழுதி வைக்கிறேன்.

மறுநாள் பெருமாள்மலையில் இறங்காமல்
தூங்கிக்கொண்டிருந்தார் ஒருவர்.
தோளில் கை வைத்தேன்.
எடுக்கவில்லை,
மூச்சு ஒன்று, இரண்டு, மூன்று வரை.
"என்னய்யா?" என்றார் எரிச்சலோடு.

பிறகுதான் விசில்.